மலையக வீட்டு அறைகளுக்கு நாமே பெயின்ட் அடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரம் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஹாட்வெயார் கடைகளில் நிற்க இடம் இருக்காது. வெள்ளை அடிக்காமல் தீபாவளியா என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். அந்த நாட்களில் தீவு முழுக்க மழை பெய்யும், மலையில் கேட்கவே வேண்டாம். சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் அந்த நேரத்தில் அடித்த பெயின்ட் தைப்பொங்கலுக்குள் கொப்பளித்து, சித்திரைக்குள் உரிந்துவிடுகிறது. உடனே பெயின்ட் சரியில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு வரும். பெரும்பாலும் பெயின்டில் குற்றம் இல்லை. ஈரச் சுவரில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டும் நிற்காது.

மலையகத்தில் வீட்டுக்குள் பெயின்ட் அடிக்கும் வேலையில் முக்கால் பங்கு ஈரத்தைக் கண்டுபிடித்து, வெளியேற்றி, சுவரைக் காயவிடுவதுதான். ரோலரை உருட்டுவது மிச்சம் இருக்கும் கால் பங்கு. இந்த வழிகாட்டியும் அந்தக் கணக்கில்தான் போகும்.

எந்த மாதத்தில் அடிப்பது

மலையகம் முழுவதற்கும் ஒரே காலநிலை இல்லை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காய்ச்சல், அதாவது வறண்ட காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம் இதற்கு நேர்மாறு: அங்கே ஒக்டோபரில் தொடங்கும் மழை ஜனவரி வரை இழுக்கும், ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை நினைவில் வைக்க ஒரு வழி இருக்கிறது. ஹட்டன் பக்கத்துத் திம்புள்ளைத் தேயிலைக்கு வாசம் ஏறும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கொழுந்தை வாசமாக்கும் அதே வறண்ட காற்றுதான் சுவரையும் காய வைக்கிறது.

ஊவாப் பக்கத்தவர்கள் ஓகஸ்ட்டில் அடித்து முடித்துவிட்டால் தீபாவளிக்கு வீடு புதுசாகவே இருக்கும். ஹட்டன் பக்கத்தவர்கள் தீபாவளிக் காசில் பெயின்டை மட்டும் வாங்கி வைத்துவிட்டு, பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கலாம். திறக்காத டின் அதுவரை தாராளமாகத் தாங்கும். வாங்கும்போது டின்னில் உற்பத்தித் திகதியைப் பாருங்கள். வெறும் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். தீபாவளிக்கு வீடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால், அந்த நேரத்தில் சுவரைக் கழுவித் துடைத்து, கதவு ஜன்னலை மட்டும் ஒரு வெயில் நாள் பார்த்து அடித்துக்கொள்ளலாம்.

சுவரில் ஈரம் இருக்கிறதா, எங்கிருந்து வருகிறது

கையை வைத்துப் பார்த்து "காய்ஞ்சிருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள். குளிர்ந்த சுவரும் ஈரச் சுவரும் கைக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் தெளிந்த பொலித்தீன் தாள் ஒன்றை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி நின்றால், அல்லது அந்த இடத்தில் சுவர் கறுத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. துளிகள் பொலித்தீனின் வெளிப்பக்கம், அறையைப் பார்த்த பக்கத்தில் நின்றால், அது அறைக் காற்றின் ஈரம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, மண்மேட்டுப் பக்கச் சுவரில் ஒன்று என்று பல இடங்களில் ஒட்டினால் வீட்டின் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

சுவருக்குள்ளிருந்து ஈரம் வரும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும். மலையை வெட்டி எடுத்த இடத்தில் கட்டிய வீட்டின் பின்சுவரைப் போய்ப் பாருங்கள். மழைக்குக் கரைந்து வந்த மண் சுவரோடு சாய்ந்து கிடக்கும். அந்த மண்ணை அள்ளி, வீட்டுத் தரை மட்டத்தைவிடத் தாழ்வாகக் கான் வெட்டி, தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கமாக ஓடும்படி சரிவு கொடுங்கள். ஏற்கனவே கான் இருந்தால் அதிலுள்ள குப்பையை வாருங்கள். வெட்டிய மண்மேடு உயரமாக இருந்தால் அடியில் தோண்டி அதைச் சரித்துவிடக் கூடாது, சாய்ந்து கிடக்கும் மண்ணை மட்டும் எடுங்கள். அடுத்து கூரை. தகரத்தில் ஆணி துருப்பிடித்த இடம், ஒரு தகரத்தின் மேல் இன்னொன்று ஏறும் இடம், புகைக்கூண்டைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடையுங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுந்து தெறிக்கிறது என்றால் கூரையோரம் தண்ணீர் வாங்கும் பீலி ஒன்று மாட்டி அதைத் தள்ளிவிட வேண்டும். இந்த வேலைகளுக்குப் பிறகு கல்லுச் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் மழைக்காலம் முடிகிற கையோடு இவற்றைச் செய்துவிட்டு, காய்ச்சல் மாதத்தின் பின்பாதியில் பெயின்டைத் திறக்கச் சொல்கிறேன்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை கறை ஏறி, அதன் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது நிலத்து ஈரம் சுமந்து வந்த உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உப்பு என்றால் கரைந்துவிடும். இதைக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்து, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். பலர் இந்த இடத்தை மறைக்க மூன்றடி உயரத்துக்கு எனாமல் (எண்ணெய் பெயின்ட்) பட்டை அடிக்கிறார்கள். பார்க்க அழகுதான், தண்ணீர் போட்டுத் துடைக்கவும் முடியும். ஆனால் எனாமலுக்குப் பின்னால் அடைபட்ட ஈரம் வேறு வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, பட்டை முடியும் இடத்துக்கு மேல் பூக்கும். நிலத்து ஈரம் உள்ள சுவருக்கு எனாமல் பட்டை வேண்டவே வேண்டாம்.

அறைக் காற்றின் ஈரம் வேறு விஷயம். குளிருக்குப் பயந்து ஜன்னலை நாள் முழுக்க மூடி வைப்பது, வீட்டுக்குள் துணி காயப்போடுவது, தண்ணீர் கொதிக்கும் ஆவி எல்லாம் சேர்ந்து, குளிர்ந்த சுவரிலும் தகரத்தின் அடியிலும் துளியாகப் படிகின்றன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்குப் பதிலாக 7 பேர்ச் காணியில் 550 சதுர அடியில் கட்டிக் கொடுத்த தனி வீடுகளில் இதைக் கட்டில், அலுமாரி ஆகியவற்றுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளியாகப் பார்க்கலாம். தினமும் வெயில் ஏறும் நேரத்தில் எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி குறையும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவரைச் சீக்கிரம் காய வைக்கவென்று மூடிய அறைக்குள் கரி அடுப்போ விறகு நெருப்போ வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குபவர் எழும்ப மாட்டார். மண்ணெண்ணெய் அடுப்பும் உதவாது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்தான் சேரும்.

வெடிப்பைப் பூசுவதற்கு முன்

சாந்தில் விழுந்த மயிரிழை வெடிப்புகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மலையில் வீடு வைத்திருப்பவர்கள் எந்த வெடிப்பையும் பார்க்காமல் பட்டி (குழி நிரப்பும் பசை) போட்டு மூடக் கூடாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, சுவரும் தரையும் பிரியும் இடம், திடீரென்று இறுகிப்போன கதவு ஆகியவை நிலம் நகர்வதைக் காட்டும் அடையாளங்களாக இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன நாளை மலையகம் மறக்காது.

வெடிப்பின் இரண்டு முனைகளிலும் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டு, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். நடுவில் அகலம் எத்தனை மில்லிமீற்றர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மழையுள்ள ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது வெடிப்பு கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால், அகலம் கூடியிருந்தால், பெயின்ட் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்க்கும்படி கேளுங்கள். வீட்டைச் சுற்றி நிலமும் பிளந்திருந்தால், மண்மேட்டில் புதிதாகச் சேற்றுத் தண்ணீர் ஊற்றெடுத்தால், ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு அழையுங்கள்.

அசையாத வெடிப்பு என்றால் நிம்மதியாகப் பூசலாம். ஸ்கிரேப்பரின் மூலையால் வெடிப்பை உட்பக்கம் வரை சற்று அகலமாகக் கீறி, தூசியைத் தட்டி, நனைத்த பிரஷால் ஒரு தடவு தடவி, பட்டியை அழுத்தி நிரப்புங்கள். ஆழமான வெடிப்பை ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது சுருங்கி மறுபடி பிளக்கும். இரண்டு தடவையாகப் போடுங்கள்.

வாங்க வேண்டியவையும் அளவும்

ஸ்கிரேப்பர், பட்டி போட அகலத் தகடு, 80, 120, 180 இலக்க சேன்ட் பேப்பர், இரண்டு அங்குல பிரஷ், ஒன்பது அங்குல ரோலர், ட்ரே, மாஸ்கிங் டேப், மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை. தரையை மூட உரப்பைகளைப் பிரித்துத் தைத்ததோ பழைய படங்கோ போதும். ரோலரில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். மலிந்த ரோலர் நூலை உதிர்த்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிடும், பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டி வரும்.

அளவு பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பது அடி உயரம். சுற்றளவு 44 அடி, ஒன்பதால் பெருக்கினால் 396 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, ஒரு ஜன்னலுக்கு 16 கழித்தால் ஏறக்குறைய 360. சொரசொரப்பான சாந்துச் சுவரில் ஒரு லீற்றர் இமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) ஒரு பூச்சுக்கு 100 சதுர அடி ஓடும் என்று வையுங்கள். இரண்டு பூச்சுக்கு 7 லீற்றருக்குக் கொஞ்சம் மேல், அதாவது நாலு லீற்றர் டின் இரண்டு. பட்டி போட்டு வழவழப்பாக்கிய சுவர் என்றால் இதைவிடக் குறைவாகவே குடிக்கும். பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் ஒரு பூச்சுக்கு இன்னொரு நாலு லீற்றர். ஒரே நிறத்தில் இரண்டு டின் வாங்கினால், இரண்டையும் பெரிய வாளி ஒன்றில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள். டின்னுக்கு டின் நிறம் ஒரு நூல் மாறும், சுவரின் நடுவில் அது தெரியும்.

கழுவுதல், சுரண்டுதல்

அறையை முழுக்கக் காலி செய்யுங்கள். முடியாவிட்டால் சாமான்களை நடுவில் குவித்து மூடுங்கள். சுவிட்ச் மூடிகளைக் கழற்றுவதற்கும் சுவர் கழுவுவதற்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பழைய லய வயரிங்கில் ஈரத்தோடு விளையாடக் கூடாது.

கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணமா, வெறும் புகையா என்று பார்க்க, பிளீச் ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். பூஞ்சணத்தைக் காய்ந்தபடியே தேய்த்தால் அதன் வித்து அறை முழுக்கப் பறக்கும், முட்டு வருத்தக்காரருக்கு ஆகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஸ்பொன்ஜால் நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஹார்பிக் போன்ற கழிவறை அமிலத்தையோ வேறு மருந்தையோ பிளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

குசினிச் சுவர் தனிக் கதை. ஆண்டுக்கணக்காக விறகு அடுப்பெரித்த சுவரில் கரி மட்டும் இல்லை, விறகிலிருந்து வந்த பிசினும் இருக்கும். அதன்மேல் இமல்ஷன் எத்தனை பூச்சு அடித்தாலும், பெயின்டில் உள்ள தண்ணீர் அந்தப் பிசினை இளக்கி மேலே இழுத்துவரும், மறுநாள் தேத்தண்ணி நிறத்தில் கறை ஊறி நிற்கும். முதலில் ஒட்டறையையும் கரியையும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்து சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீரால் கீழிருந்து மேலாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் ஓடிக் கோடு விழும், அந்தக் கோடு பிறகு எளிதில் போகாது. நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல்தான் இமல்ஷன். கடையில், "அண்ணே, அடுப்புப் புகை பிடிச்ச சுவர், கறை மேல வராம இருக்க எண்ணெய் பிரைமர் குடுங்க" என்று விளக்கமாகவே கேளுங்கள். வெறும் பிரைமர் என்று கேட்டால் தண்ணீர் பிரைமரைத்தான் எடுத்து வைப்பார்கள்.

பழைய சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையாகிறதா? அதன்மேல் நேராக இமல்ஷன் அடித்தால், பெயின்ட் அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது, தாள் போல உரியும். நனைத்து ஊறவைத்துச் சுரண்டி, எஞ்சிய பொடியைக் கழுவி எடுக்க வேண்டும். உறுதியாக நிற்கும் பழைய பெயின்டைச் சுரண்டத் தேவையில்லை. டேப் ஒன்றை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பெயின்ட் கூட வராவிட்டால் அது அடுத்த பூச்சையும் தாங்கும்.

இரண்டு ஆபத்தான பொருட்களைக் கவனியுங்கள். முதலாவது, பழைய எனாமல். பெயின்டில் சேர்க்கும் ஈயத்துக்கு இலங்கையில் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013-இல்தான். அதற்கு முந்திய கதவு, ஜன்னல் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் அன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது, அஸ்பெஸ்டஸ் சீட். கூரையோ சீலிங்கோ அஸ்பெஸ்டஸ் என்றால் அதைச் சுரண்டவோ, சேன்ட் பேப்பர் போடவோ, கம்பி பிரஷால் தேய்க்கவோ, துளை போடவோ கூடாது. ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்ததும் பிரைமரும் பெயின்டும் அடிக்கலாம். உடைந்த சீட் என்றால் பெயின்ட் எண்ணத்தையே விட்டுவிடுங்கள், சீட்டை மாற்ற வேண்டும்.

பழைய லயச் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது

வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவருக்கு ஈரம் உள்ளே வருவதும் வெளியே போவதும் இயல்பு. இமல்ஷன் அந்தப் போக்குவரத்தைத் தடுக்கிறது. சுண்ணாம்பு தடுப்பதில்லை. அதன் காரத்தில் பூஞ்சணமும் எளிதில் முளைக்காது, விலையும் குறைவு. பின்சுவரில் ஈரம் என்ன செய்தும் நிற்காத லய அறைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்பைத்தான் சொல்வேன்.

நீற்றிய சுண்ணாம்பை வாங்குங்கள். சுட்ட கல்லை வீட்டில் நீற்றினால் தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் அது வேண்டாம். இரவே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பால் பதத்துக்குக் கரைத்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டி, ஒரு கைப்பிடி உப்புச் சேருங்கள். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். அடிக்கும்போது சுவர் தெரியும், வெள்ளையே விழவில்லை என்று தோன்றும். தடிப்பாக்கிவிடாதீர்கள், காயக் காயத்தான் வெளுக்கும். தடித்த பூச்சு வெடித்து உதிரும். நாளுக்கு ஒன்றாக மூன்று நாலு பூச்சு வேண்டும். கண்ணில் பட்டால் பொசுக்கிவிடும் என்பதால் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் காவியைத் தனியே கரைத்து வடிகட்டிச் சேர்க்கலாம்.

பட்டியும் பிரைமரும்

புதிதாகச் சாந்து பூசிய சிமெந்துச் சுவர் குறைந்தது 28 நாள் காய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நுவரெலியா, ஹட்டன் குளிரில் இரண்டு மாதம் விடுவதே என் கணக்கு. பச்சைச் சிமெந்தின் காரம் நிறத்தைத் தின்று, திட்டுத்திட்டாக்கிவிடும். அப்படிப்பட்ட சுவருக்குக் காரம் தாங்கும் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள்.

சுவர் முழுக்கப் பட்டி போடுவது கட்டாயமில்லை. குழியும் வெடிப்பும் உள்ள இடங்களில் போட்டு, காய்ந்ததும் 120 இலக்கத் தாளால் தேய்த்து, கடைசியில் 180-ஆல் ஒரு தடவை தடவினால் போதும். டோர்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். தேய்த்த தூசியை ஈரத் துணியால் துடைத்த பிறகு பிரைமர். பட்டி போட்ட இடங்களில் பிரைமர் படாவிட்டால் அங்கே மட்டும் பெயின்ட் உறிஞ்சப்பட்டு மங்கலாகத் தெரியும்.

நிறம்

கடையில் உள்ள நிற அட்டையில் பார்த்த நிறம் மலை வீட்டுச் சுவரில் அப்படியே இருக்காது. மூடுபனி ஏறிய பிற்பகலில் வெளிச்சம் சாம்பலும் நீலமுமாக இருக்கும். தூய வெள்ளையும் இளநீலமும் அப்போது சோர்ந்து தெரியும். மண்மேட்டைப் பார்த்த இருட்டறைக்கு இள மஞ்சள், கிரீம், சந்தன நிறம் எடுங்கள். ஒரு லீற்றர் வாங்கி இரண்டடிச் சதுரத்தில் இரண்டு பூச்சு அடித்து, காலை வெயிலிலும், பனி மூடிய நேரத்திலும், இரவு பல்ப் வெளிச்சத்திலும் பார்த்த பிறகே மிச்சத்தை வாங்குங்கள்.

மினுக்கம் இல்லாத பெயின்ட் சுவரின் கோணலை மறைக்கும். லேசான மினுக்கம் உள்ளது துடைக்க வசதி. ஈரம் படியும் அறைகளுக்கும் பிள்ளைகள் அறைக்கும் லேசான மினுக்கத்தையே எடுப்பேன், பூஞ்சணத்தின் முதல் புள்ளி தெரிந்ததும் துடைத்துவிடலாம்.

அடிக்கும் நாள்

இமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் மணிகள். தண்ணீர் ஆவியாகும்போது மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. சுவர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் அவை சரியாக ஒட்டாது, காய்ந்தது போலத் தெரிந்தாலும் பிறகு பொடியாக உதிரும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் பனி உறைவதுண்டு. காலை ஏழு மணிச் சுவர் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பனி விலகி வெயில் ஏறும் ஒன்பதரை, பத்துக்குத் தொடங்கி, இரண்டு மணிக்குள் பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டும். மிச்ச வெளிச்சம் அது காய்வதற்கு. மதியமே மூடுபனி இறங்கினால் அன்றைய வேலை அவ்வளவுதான், அறை பாதியில் நின்றாலும் ஒரு சுவரை மூலை வரை முடித்துவிட்டு நிறுத்துங்கள்.

முதலில் சீலிங், அடுத்து சுவர், கடைசியில் கதவு, ஜன்னல். டின்னை அடிமட்டம் வரை கலக்குங்கள். முதல் பூச்சுக்குத் தண்ணீர் எவ்வளவு என்பது டின்னிலேயே இருக்கும், அதற்கு மேல் ஒரு கோப்பை கூட வேண்டாம். ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கலங்கலாக வந்தால் துணியில் வடிகட்டுங்கள்.

இரண்டு அங்குல பிரஷால் மூலைகளிலும் சீலிங் ஓரத்திலும் மூன்று அங்குல அகலத்துக்கு வரைந்துகொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு சுவருக்கு மட்டும். நாலு சுவருக்கும் முதலே வரைந்து வைத்தால் அது காய்ந்துபோய், ரோலர் பூச்சோடு கலக்காமல் சட்டம் போட்டது போலத் தெரியும். ரோலரை நனைத்து ட்ரேயில் உருட்டிப் பிழிந்து, மூன்றடி அகலத்தில் வளைந்து வளைந்து மேலும் கீழும் இழுத்து, இடைவெளியை நிரப்பி, கடைசியாக அழுத்தாமல் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. அடுத்த பகுதியை முந்தியது ஈரமாக இருக்கும்போதே அதன் ஓரத்தோடு சேர்த்துவிட வேண்டும். காயத் தொடங்கிய இடத்தில் விட்டுப்போன புள்ளி தெரிந்தால் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், அடுத்த பூச்சில் மூடிவிடும்.

டின்னில் இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் என்று எழுதியிருப்பது சூடான ஊர்களுக்கான கணக்கு. இங்கே அடுத்த பூச்சு அடுத்த நாள்தான். புறங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். அறையிலுள்ள மேசை, கதவைவிடப் பெயின்ட் அடித்த சுவர் கூடக் குளிராக இருந்தால் இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. ராத்திரிக்கு ரோலரையும் பிரஷையும் ஷொப்பிங் பையில் இறுக்கிச் சுற்றி வைத்தால் மறுநாள் கழுவாமலே தொடரலாம்.

கதவு, ஜன்னல்

நனைத்துத் தேய்த்து, காயவிட்டு, மரம் தெரியும் இடங்களில் மரப் பிரைமர், பிறகு எனாமல் மெல்லியதாக இரண்டு பூச்சு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் முழுக்க வேண்டும். ஜன்னலைக் காலையிலேயே அடித்துவிடுங்கள், மாலையில் மூட வேண்டி வரும்போது சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளாது. எனாமலும் டர்பன்டைனும் நெருப்பை இழுப்பவை, பக்கத்து அறையில் அடுப்பு எரியும்போது திறக்காதீர்கள். அன்றிரவு அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

அடித்த பிறகு

ஒரு வாரத்துக்குள் சுவரில் தேன் நிறத்தில் பிசுபிசுப்பான கோடுகள் ஒழுகியது போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பெயின்டில் உள்ள சோப்புப் போன்ற பொருள் ஈரக் காற்றில் மேலே கசிந்தது அது. பெயின்ட் நன்றாகக் காய்ந்ததும் வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்ப்பதற்கு ஒரு மாதமாவது போகட்டும்.

அலுமாரி, கட்டிலை இரண்டு நாள் கழித்து உள்ளே கொண்டுவந்து, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடினால்தான் கறுப்புப் புள்ளி திரும்ப வராது.

பிரஷ், ரோலரைப் பீலியிலோ ஓடையிலோ கழுவாதீர்கள். நம் வீட்டுக்குக் கீழே இன்னொரு லயம் அதே தண்ணீரைக் குடிக்கிறது, மகாவலியும் களனியும் இந்த ஓடைகளில்தான் தொடங்குகின்றன. முதலில் பழைய பேப்பரில் துடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் கழுவி, அதை இரவு முழுக்க அப்படியே தெளியவிடுங்கள். மேல் தண்ணீரை மரக்கறிப் பாத்திக்கும் கிணற்றுக்கும் தள்ளி மண்ணில் ஊற்றி, அடியில் தங்கிய பெயின்டைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். டர்பன்டைன் நனைந்த துணியை அடுப்பில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

மீந்த பெயின்டைச் சிறிய கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். பாதி டின்னில் விட்டால் ஆடை படர்ந்து கெட்டுவிடும். போத்தலில் எந்த அறை, நிற இலக்கம் என்ன, எந்த மாதம் அடித்தது என்று எழுதி ஒட்டுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு அறையிலும் பின்சுவரின் அடியையும் மூலைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எங்காவது கொப்புளம் கண்டால் அதற்கு வெளிப்பக்கம் கானில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, அதைச் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகு அந்த இடத்தை மட்டும் சுரண்டி, போத்தலில் உள்ளதைக் கொண்டு இரண்டு பூச்சு அடித்தால் போதும்.